தட்டிப் பார்த்த கரி

தாத்தா கரி வாங்க வருகிறார் என்றால் தவுக்கேயின் முகம் கொஞ்சம் சுருங்கும். சிரம்பான் டவுனில் பழைய கடைவரிசை ஒன்றின் அஞ்சடியில் அந்தச் சீனர் கரிச் சாக்குகளை நிறுத்தி வைத்திருப்பார். மற்றவர்கள் வந்து இரண்டு கட்டி, மூன்று கட்டி என்பார்கள். அவர் மேலாக அள்ளிப் போடுவார். காசு கை மாறும். தாத்தாவிடம் அது நடக்காது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாக்குக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, அடியில் கிடப்பதில் இரண்டு துண்டு எடுப்பார். ஒன்றை இரண்டே விரலால் முனையில் பிடித்துத் தொங்கவிடுவார். மற்றொன்றால் அதைத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார்.

கணீரென்றால், "போடு." தொத்தென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். துண்டைச் சாக்கிலேயே போட்டுவிட்டு அடுத்த சாக்குக்கு நகர்ந்துவிடுவார். தவுக்கே தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்று தடுத்ததில்லை. தாத்தா கை வைத்த சாக்கிலிருந்து அவரும் தன் வீட்டுக்கு எடுத்து வைப்பார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது, அறுபதுகளின் கடைசி. நாங்கள் இருந்தது லோபாக் பக்கம். லோபாக் என்றால் மலாயில் முள்ளங்கி. அங்கே முள்ளங்கி விளைந்து நான் பார்த்ததில்லை. லோபாக் தமிழ்ப்பள்ளி என்று சொன்னால் சிரம்பான்காரர்களுக்கு இடம் விளங்கிவிடும். இன்று டவுனோடு ஒட்டிப்போய் வீடும் கடையுமாகக் கிடக்கும் இடம்தான். என் சின்ன வயதில் டவுன் முடிகிற இடத்தில் ரப்பர் தொடங்கிவிடும். தாத்தாவின் சைக்கிள் கேரியரில் கரிச் சாக்கும், அதன்மேல் நானுமாக வீடு திரும்புவோம். பள்ளிச் சட்டையில் கரி ஒட்டியிருந்தால் அம்மா திட்டுவார். "நல்ல கரி அவ்வளவா ஒட்டாதும்மா, தட்டினாப் போயிடும்" என்பார் தாத்தா. அது சமாதானம் இல்லை, பாடம்.

தாத்தா கரிக்காரர் இல்லை. தோட்டத்துப் புகைக் கொட்டகையில் தீ பார்த்தவர். மற்றவர்கள் விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போவார்கள். இவர் கொட்டகைக்குப் போவார். வெட்டிய பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, வரிவரியாக அச்சு விழுந்த ஷீட்டுகளைக் கம்புகளில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிடுவார்கள். கீழே ரப்பர் விறகு புகையும். நான்கைந்து நாள் அந்தப் புகையிலும் இளஞ்சூட்டிலும் கிடந்து வெள்ளை ஷீட் தேன் நிறத்துக்கு வரும். பிறகு அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று ஐந்து தரமாகப் பிரிப்பார்கள். தீ கொஞ்சம் கூடிப்போனால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பும், தரம் இறங்கும். குறைந்துபோனால் பூசணம் பிடிக்கும். பொறி பறந்தால் கொட்டகையே போய்விடும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்த நூல்மேல் நடந்தவர் அவர்.

அதனால் எந்த நெருப்பைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "புகை வேணுமா, சூடு வேணுமா?"

புகை வேண்டுமென்றால் ஈர விறகு. ஷீட்டுக்கு அதுதான் மருந்து, பூசணம் அண்டாது. சூடு மட்டும் வேண்டுமென்றால் கரி. விறகில் இருக்கிற நீரும் தாரும் புளித்த ஆவியும் எல்லாம் முன்கூட்டியே வெளியே போய், மிச்சம் நிற்பதுதான் கரி. "கரின்னா புகைஞ்சு முடிஞ்ச மரம்டா. இன்னும் புகையிதுன்னா அது இன்னும் கரி ஆகலைன்னு அர்த்தம்." பார்பிகியூ என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதேயில்லை. ஆனால் பின்னாளில் அதைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரையாகவே இருந்தது.

லயத்து வீட்டில் அன்றாடச் சமையல் ரப்பர் விறகில்தான். விழுந்த கிளை எங்கும் கிடக்கும், காசு கிடையாது. கரி தனி விஷயத்துக்கு. சேவல் பொம்மை வைத்த இஸ்திரிப் பெட்டிக்கு. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதற்கு; கங்கே புகைந்தால் சாம்பிராணி எதற்கு என்பார் பாட்டி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு. கருவாடு, மரவள்ளிக்கிழங்கு, சம்பளம் போட்ட வாரமென்றால் மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவிய கெம்போங் மீன். எப்போதாவது நாய்களோடு வேட்டைக்குப் போனவர்கள் காட்டுப்பன்றி அடித்துவந்து பங்கு போட்டால், அன்றைக்குத் தாத்தாதான் தலைவர். மண்ணெண்ணெய் டப்பாவை நெடுக்குவெட்டாக அறுத்து, கம்பிவலையைப் பரப்பி, வாசலில் அடுப்பு தயாராகும்.

மண்ணெண்ணெய் டப்பாதான், மண்ணெண்ணெய் கிடையாது. தேங்காய் நாரும் இரண்டு சிரட்டையும் வைத்துப் பற்றவைப்பார். பாளை மட்டையால் விசிறுவார். கங்கு சிவந்ததும் நாங்கள் மீனைத் தூக்குவோம். கையில் ஒரு அடி விழும். "நீறு பூக்கட்டும்." கரியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படர்ந்த பிறகு, வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொல்வார். மூன்று எண்ணுவதற்குள் கை சுட்டால் இறைச்சிக்கு. ஐந்து ஆறு வரை தாங்கினால் மீனுக்கு. கங்கை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விடுவார். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் இறைச்சியை அந்தக் காலிப் பக்கத்துக்கு நகர்த்திவிடுவார். அப்போது எழும் புகையை மட்டும் அவர் திட்டமாட்டார். கொழுப்பு கங்கில் விழுந்து எழும் புகை வாசம். விறகின் புகை கசப்பு. இரண்டையும் எங்கள் மூக்குக்கு அவர்தான் பிரித்துக் காட்டினார்.

அவர் தேர்வுக்குக் காது மட்டும் போதாது. தட்டிப் பார்த்த துண்டை உடைப்பார். முறிந்த இடம் பளபளவென்று நிலக்கரி போல மின்ன வேண்டும். மரத்தின் வரி தெரிய வேண்டும். உள்ளே பழுப்பு தெரிந்தால் வேகவில்லை. பிறகு கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் ஈரம். கரி காற்றிலிருக்கிற ஈரத்தையே இழுக்கும்; எடை கூட்ட நினைக்கிறவன் தண்ணீரும் தெளிப்பான். அந்தக் கரி அடுப்பில் வெடித்துப் பொறி பறக்கும். பட்டை ஒட்டியிருந்தாலும் வேண்டாம். பட்டை சாம்பலைக் கொட்டும். கடைசியில் சாக்கின் அடியைப் பார்ப்பார். தூளும் நொறுங்கலும் அதிகமென்றால், தூக்கி எறிந்து கையாண்ட சரக்கு. தூள் காற்றை அடைக்கும். காற்று போகாத அடுப்பு மூச்சு முட்டும்.

அவர் வாங்கியது பாக்காவ் கரி, சதுப்புநிலக் காட்டு மரம். மலாயில் ஆராங் பாக்காவ் என்பார்கள். பச்சை மரத்தைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். கனத்த மரத்தின் கரி கனத்தே இருக்கும். ஒருமுறை பற்றினால் மூன்று தட்டு மீனுக்குத் தாங்கும். ரப்பர் மரத்துக் கரியும் கடையில் விலை குறைவாகக் கிடைத்தது. அதைத் தொடமாட்டார். "லேசு. பொசுக்குன்னு எரிஞ்சு சாம்பலாயிடும்" என்று காரணம் சொல்வார். காரணம் உண்மைதான்.

1967-இல் பிறையில் மலாயாவாத்தா இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பானிய யாவாத்தா நிறுவனத்தின் கூட்டு. அதன் உலையில் நிலக்கரிக்குப் பதில் ரப்பர் மரக் கரியைப் போட்டார்கள். பால் வற்றி வெட்டப்படும் கிழட்டு மரங்கள் நாடெங்கும் கிடக்கும்போது கரிக்கு என்ன பஞ்சம்? சித்தப்பா இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு வந்து தாத்தாவைச் சீண்டினார்.

"கேட்டியாப்பா? நம்ம மரத்துக் கரியில இரும்பையே உருக்குறானாம். உனக்குக் கெம்போங் மீன் சுட ஆகாதாம்."

தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இரும்பு நாக்கு வச்சா ருசி பாக்கப் போவுது?"

இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்த மரம், கடைசியில் உலைக்குப் போகிறது என்பதை வைத்து சித்தப்பா அன்றிரவு நீளமாக ஏதோ பேசினார். தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர் அவர். தாத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு இருமத் தொடங்கினார். இரவில் அவருக்கு அப்படித்தான், படுத்தால் வரும். நாங்கள் அந்த இருமலுக்குப் பழகிப்போயிருந்தோம். கடிகாரச் சத்தம் போல அது வீட்டில் இருந்தது.

ஒரு பள்ளி விடுமுறையில் அவரோடு போர்ட்டிக்சன் கடலுக்குப் போனோம். சிரம்பானிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். திரும்பும்போது தேநீர்க் கடையில் ஒரு மலாய்ப் பெரியவர், துறைமுகத்துக்கு டிக்சன் என்ற வெள்ளைக்காரரின் பெயர் வருவதற்கு முன் இந்த இடத்தை ஆராங் என்றுதான் அழைத்தார்கள், இங்கே கரி சுட்டார்கள் என்றார். தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நாம கரியிலயா குளிச்சிட்டு வந்தோம்!" என்று பஸ் ஏறும் வரை சிரித்தார். அவருடைய ஊர் ராமநாதபுரம் பக்கம். கருவேல மரத்தை அடுக்கி, மண்ணைப் பூசி மூடி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் காவல் காக்கும் கரிமூட்டத்தைச் சிறு பையனாகப் பார்த்தவர். மூட்டத்தில் எங்கே விரிசல் விட்டாலும் காற்று புகுந்து எல்லாம் சாம்பலாகும் என்பதால் ராத்திரியில் யாராவது விழித்திருப்பார்களாம். "தூங்கினவன் சாம்பலை அள்ளுவான்" என்பார்.

எண்பதுகளில் ரப்பர் மரம் மேசை நாற்காலிச் சரக்காகி விலை ஏறிப்போனது. அதை எரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. புகைக் கொட்டகை எப்போது இடிக்கப்பட்டது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு வருஷம் சொல்வோம். நான் லோபாக்கில் ஒரு தொடர்வீடு வாங்கித் தாத்தாவையும் கூட்டிக்கொண்டேன்.

1995 தீபாவளிக்கு மறுநாள் அலுவலக நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருந்தேன். புதிதாக வாங்கிய பார்பிகியூ அடுப்பு. பேரங்காடியில் வாங்கிய கரிப் பொதி, மேலே அழகாகத் தீயின் படம். தட்டிப் பார்க்க நினைக்கவில்லை, பொதி ஒட்டியிருந்தது. பற்றவைத்ததும் கிளம்பிய புகை மஞ்சளாக, கண்ணைக் கரித்துக்கொண்டு, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போனது. அவர்கள் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது. கோழி மேலே கறுத்தது, உள்ளே வேகவில்லை, வாயில் வைத்தால் தார் போட்ட ரோட்டின் வாசம். நண்பர்கள் நல்லவர்கள், முறுக்கைச் சாப்பிட்டார்கள்.

தாத்தா பிரம்பு நாற்காலியில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். காது அநேகமாகப் போய்விட்டது. பொதியிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உடைக்கப் பார்த்தார். உடையவில்லை, நார் நாராகக் கிழிந்தது. உள்ளே பழுப்பு.

"இது கரியில்லடா. கறுப்புச் சட்டை போட்ட விறகு."

மறுவாரம் டவுன் முழுக்க அலைந்து பழைய சரக்குக் கடை ஒன்றில் பாக்காவ் கரி கண்டுபிடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சோதனைக்குக் கொடுத்தேன். அவர் தட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. மறுபடி தட்டினார். பிறகு ஒரு துண்டைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்திக்கொண்டு, "நீ தட்டு" என்றார். தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை தட்டச் சொன்னார். "இதுதான்" என்றார். காதின் மடலிலிருந்து தாடை வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. துடைத்துவிடப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து நானும் கரி தேடுகிறவன் ஆகிவிட்டேன். இப்போது வகை அதிகம். மரத்தூளை அழுத்தி, நடுவில் துளையிட்டு, அறுகோணக் குச்சிகளாகச் சுட்ட கரி கிடைக்கிறது. ஒரே அளவு, ஒரே சூடு, நீண்ட நேரம் நிற்கும். ஆனால் பற்றுவதற்குப் பொறுமை வேண்டும். சிரட்டைக் கரி சுறுசுறுப்பானது, சூடு பலம். சாத்தே போன்ற சின்னக் குச்சிக்கு நன்றாக இருக்கும், முழு மீனுக்கு இடையிடையே கரி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பானின் வாக்காயாமா பக்கத்துப் பிஞ்சோத்தான் கரியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். ஒருவகை ஓக் மரத்தை மெல்லச் சுட்டு, முடிவில் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூட்டை ஏற்றி, தகதகவென்று வெளியே இழுத்துச் சாம்பலும் மண்ணும் கலந்து மூடி அணைப்பார்களாம். இரண்டு துண்டைத் தட்டினேன். கோயில் சேமக்கலத்தைத் தட்டியது போல இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுக் கீழே வைத்தேன். தாத்தா இருந்தால் வாங்காமலே கடை மூடும்வரை தட்டிக்கொண்டிருப்பார்.

தாத்தா போய் நாலு வருஷத்துக்குப் பின் கோலா செபத்தாங் போனேன். தைப்பிங்கிலிருந்து கொஞ்ச தூரம். பழைய பெயர் போர்ட் வெல்ட். ஆளுநர் வெல்டின் பெயர். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் நடுவில்தான் ஓடியது. பாதை போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். தண்டவாளம் போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கரிச்சூளைக்கு நடந்தேன்.

சுற்றிலும் மாத்தாங் சதுப்புக் காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு வைத்துப் பராமரிக்கிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அங்கே கோடரி விழ முப்பது வருஷம் ஆகும். நடுவில் பதினைந்தாம் வருஷமும் இருபதாம் வருஷமும் களைத்து எடுக்கும் கம்பு, கட்டடக் கடைக்காலுக்குப் போகும். மரம் படகில் வரும், கடல் ஏறும் நேரம் பார்த்து. ஓராளின் தோள் உயரத்துக்குத் துண்டு போட்டு, பட்டையைத் தட்டி உரித்து, செங்கல்லில் கட்டிய கவிழ்த்த கிண்ணம் போன்ற சூளைக்குள் நெட்டுக்குத்தாக அடுக்குகிறார்கள். சூளை ஏழு மீட்டர் உயரம் இருக்கும். தீ வாசலில் மட்டும்தான் எரிகிறது. உள்ளிருக்கும் மரத்தைத் தீ தொடுவதில்லை, சூடுதான் போய்ச் சேர்கிறது. பத்து நாள் பெரிய தீ, பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் சின்னத் தீ, அப்புறம் வாசலை அடைத்து ஆறவிடல். ஏறக்குறைய ஒரு மாதம். நாற்பது டன் மரம் போனால் பத்து டன் கரி வரும். மற்ற முப்பது டன் எங்கே போகிறது என்பதைச் சூளையின் பக்கத் துவாரங்களில் பார்த்தேன். வெள்ளையாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, புளிப்பு வாசத்தோடு வந்துகொண்டேயிருந்தது.

உள்ளே எந்த மானியும் இல்லை. தீ பார்ப்பவர் ஒரு சீனர், என் அப்பா வயது. ஒவ்வொரு துவாரமாகப் போய்க் குனிந்து புகையை முகர்ந்தார். கையால் அளைந்து பார்த்தார். ஒரு சூளைக்கு விறகைக் குறைத்தார். இன்னொன்றின் பக்கத்தில் நின்று யோசித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் வந்தார். நான்கு வருஷமாக வீட்டில் கேட்காத ஒரு இருமல் அந்தக் கொட்டகையில் கேட்டது.

புகையில்லாத கரிக்காகத் தாத்தா அத்தனை சாக்கைத் துழாவியதை ருசிக்காக என்றே அதுவரை நினைத்திருந்தேன். நாளெல்லாம் கொட்டகையில் புகைக்குள் நின்றுவிட்டு வருகிறவர், வீட்டு வாசலில் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அது வேண்டாம் என்றிருக்கிறார். வேண்டாம் என்று வாயால் சொன்னதில்லை. தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆறிய சூளையிலிருந்து எடுத்து அடுக்கியிருந்த குவியலுக்குப் போய் இரண்டு துண்டை எடுத்தேன். ஒன்றைத் தொங்கவிட்டு மற்றதால் தட்டினேன். கணீரென்றது. தீ பார்ப்பவர் திரும்பிப் பார்த்தார். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று மலாயில் கேட்டார். என் தாத்தா என்றேன்.

"அவரும் கரிக்காரரா?"

"இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் புகை போட்டவர்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சாயா ஜுகா" என்றார். நானும்தான்.